மனக்கவலை பலக்குறைவு



“மனக்கவலை பலக்குறைவு” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடன்காரருக்குப் பதில் சொல்ல வழியின்றி இரவெல்லாம் புரண்டு படுக்கும் மகனைப் பார்த்துத் தாய் இப்படிச் சொல்வதுண்டு. இரண்டே சொற்களில் அமைந்த பழமொழி. ஆனால், இந்த இரண்டு சொற்களும் உண்மைதான் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வதற்கு ஏறக்குறைய நூறாண்டுகள் பிடித்தன. அந்த நூறாண்டுக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. தலைவலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், “மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவரும் தம்மைக் கோழை என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறார். அப்படி வாயை மூடிக்கொண்ட ஒருவர் திடீரென்று ஒரு நாள் மாரடைப்பால் விழுந்தால், “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்!” என்று வியக்கிறோம். அவர் நன்றாக இருந்தாரா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு காட்சியை மனக்கண்ணில் பாருங்கள். இன்னும் விடியவில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போகிறீர்கள். நிரைக்குள் காலெடுத்து வைக்கும்போது எதிரே ஒரு நாகம் படமெடுத்து நிற்கிறது. அந்த நொடியில் என்ன நடக்கிறது? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வாய் உலர்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. நீங்கள் நினைப்பதற்கு முன்பே கால்கள் பின்வாங்கிவிடுகின்றன. பாம்பு புதருக்குள் போய் மறைகிறது. சற்று நேரத்தில் நெஞ்சு அடங்குகிறது. மறுபடியும் கத்தியை எடுத்து வேலையைத் தொடங்குகிறீர்கள். இது நோயன்று. நம்மைக் காப்பதற்காக உடல் செய்யும் வேலை.

இந்தக் காவல் எப்படி நடக்கிறது என்று முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் வால்டர் கேனன் என்ற அமெரிக்கர். 1895-ஆம் ஆண்டு ஜெர்மனியில் எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கேனன், அந்தக் கதிரின் துணையால் பூனையின் வயிற்றில் உணவு செரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அமைதியாக இருந்தபோது இரைப்பை அலை அலையாக அசைந்தது. பூனை மிரண்டாலோ, சினந்தாலோ அந்த அசைவு சட்டென்று நின்றுபோயிற்று. மனத்தில் எழும் அச்சம் வயிற்றின் வேலையை நிறுத்திவிடுகிறது என்பதை அவர் கண்ணாரக் கண்டார்.

நம் சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் என்ற சுரப்பி இருக்கிறது. அதில் சுரக்கும் அட்ரினலின் என்னும் நீரைத் தனியே பிரித்தெடுத்ததை 1901-இல் தகாமினே என்ற ஜப்பானிய விஞ்ஞானி அறிவித்தார். ஆபத்து நேரத்தில் இந்த நீர் இரத்தத்தில் கலக்கிறது. இருதயத்தை விரைவாக அடிக்கச் செய்கிறது. சேமிப்பில் உள்ள சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது. செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகளை நிறுத்தி வைக்கிறது. எதிர்த்து நில், அல்லது ஓடிவிடு என்பதற்கான ஏற்பாடு இது. கேனன் தம் ஆராய்ச்சியை 1915-இல் நூலாக வெளியிட்டார்.

பாம்பு போய்விட்டால் உடல் அமைதியடைகிறது. ஆனால், பாம்பு போகாமல் அங்கேயே நின்றால்? நாள்தோறும், மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நின்றால்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஹான்ஸ் செலியே என்ற மருத்துவர்.

செலியே 1907-ஆம் ஆண்டு வியன்னா நகரில் பிறந்தவர். பிராக் நகரில் மருத்துவ மாணவராக இருந்தபோது, பேராசிரியர் ஒருவர் பல நோயாளிகளை மாணவர்களுக்குக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோய். பேராசிரியரோ அந்தந்த நோய்க்கே உரிய அடையாளத்தைத் தேடிப் பார்க்கச் சொன்னார். இளைஞர் செலியேயின் கண்ணில் பட்டது வேறொன்று. நோய் எதுவானாலும் எல்லாரும் சோர்ந்திருந்தார்கள், எல்லாருக்கும் பசியில்லை, எல்லாரும் மெலிந்திருந்தார்கள். இவர்களுக்குப் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறதே என்ற எண்ணம் அவர் மனத்தில் தங்கிவிட்டது.

சுமார் பத்தாண்டுகள் சென்றன. கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் மக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் எலிகளை வைத்துச் சுரப்பி நீர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாட்டின் சூலகத்திலிருந்து எடுத்த சாற்றை எலிக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். எலியின் அட்ரினல் சுரப்பி வீங்கியது. நோயை எதிர்க்க உதவும் உறுப்பான தைமஸ் சுருங்கியது. வயிற்றில் புண் உண்டாயிற்று. புதிய சுரப்பி நீர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. வேறு உறுப்புகளின் சாறும் அதே விளைவைத் தந்தது. ஃபார்மலின் என்ற காரமான திரவமும் அதையே செய்தது. கடுங்குளிரில் வைத்த எலிக்கும், ஓய்வின்றி ஓடவிட்ட எலிக்கும் அதே மூன்று கேடுகள். மனமுடைந்து போனவருக்குப் பழைய பிராக் நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். தாக்கும் பொருள் எதுவானாலும் உடல் ஒரே விதமாகத்தான் தவிக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

1936-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ‘நேச்சர்’ என்னும் ஆங்கில ஆராய்ச்சி இதழில் ஒரு சின்னஞ்சிறு கடிதமாக இதை வெளியிட்டார். உடலின் தவிப்பில் மூன்று கட்டங்கள் உண்டு என்றார். முதலில் திடுக்கிட்டு விழிக்கும் கட்டம். அடுத்துத் தாக்குப்பிடிக்கும் கட்டம். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். இறுதியில் ஓய்ந்து விழும் கட்டம். பாலத்தின் மேல் ஏறும் பாரத்தைப் பற்றிப் பொறியியலார் பேசும் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லையே பின்னர் இதற்குப் பெயராக வழங்கினார். நாம் அதை மன இறுக்கம், மன உளைச்சல் என்கிறோம்.

நேயர்களே, அந்த நடுக்கட்டத்தை மறந்துவிடாதீர்கள். “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்” என்று நாம் சொல்லும் மனிதர், பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் கட்டத்தில் இருந்தவர். நல்ல மரத்தின் உள்ளே கரையான் அரிப்பது வெளியே தெரிவதில்லை.

எலிக்கு நடப்பது மனிதருக்கும் நடக்குமா? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 1995-இல் வெளிவந்தது. நினைவு தப்பிப்போன முதியவர்களை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த 13 பெண்களையும், அப்படிப்பட்ட பாரம் இல்லாத, அதே வயதொத்த 13 பெண்களையும் அழைத்தார்கள். எல்லாருடைய கையிலும் ஒரே அளவான சிறு காயம் ஒன்றை உண்டாக்கி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பாரமில்லாத பெண்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய காயம், பராமரிக்கும் பெண்களுக்கு ஆற 48 நாளுக்கு மேல் ஆயிற்று. ஒன்பது நாள் வேறுபாடு! படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு, வேலைக்கும் போய், வந்து அடுப்பையும் மூட்டும் தாய்மார்கள் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் அவசியம் கேட்க வேண்டும்.

காரணமும் தெரிந்திருக்கிறது. கவலை நீடிக்கும்போது அதே அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற மற்றொரு நீரையும் சுரக்கிறது. ஆபத்துக் காலத்தில் அது நண்பன்தான். ஆனால், நெடுநாள் நீடித்தால் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இரத்தக் கொதிப்பு உயர்கிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் கவலை இன்னும் பெருகுகிறது. இப்படிச் செக்குமாடுபோல் ஒரே வட்டத்தில் சுற்றுகிறோம்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். வயிற்றுப்புண் கவலையால்தான் வருகிறது என்று செலியே காலத்தில் பலரும் நம்பினார்கள். 1982-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு ஒரு கிருமியே காரணம் என்பதற்கு வழிகாட்டும் கண்டுபிடிப்பைச் செய்தார்கள். அதற்காக 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே, எல்லா நோய்க்கும் கவலையையே காரணம் காட்டி டாக்டரிடம் போகாமல் இருப்பதும் தவறு. கவலையை மதிக்காமல் இருப்பதும் தவறு.

இனி, நம்மைப் போன்ற உழைப்பாளிகளுக்கு மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் மாரடைப்பு என்பது பெரிய மனிதர்களின் நோய் என்ற எண்ணம் இருந்தது. பொறுப்பும் யோசனையும் மிகுந்த மேலதிகாரிக்குத்தான் நெஞ்சு வலிக்கும், சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறவனுக்கு என்ன கவலை என்று பேசினார்கள். 1967-இல் இங்கிலாந்தில் இதைச் சோதிக்கும் வாய்ப்பு வந்தது. லண்டனில் வைட்ஹால் என்னும் பகுதி அரசாங்க அலுவலகங்கள் நிறைந்தது. அங்கே வேலை செய்த ஏறக்குறைய 18,000 ஆண்களின் உடல்நிலையைப் பதிவு செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இவர்களில் பட்டினி கிடப்பவர் இல்லை. எல்லாரும் நிரந்தர வேலைக்காரர்கள். அரசாங்க மருத்துவ வசதி எல்லாருக்கும் உண்டு.

மைக்கேல் மார்மட் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் பின்னர் வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்க வைத்தது. இருதய நோயால் இறந்தவர்கள் மேலதிகாரிகளிடையே குறைவு; வாயிற்காவலர், கடிதம் தூக்கிச் செல்வோர் போன்ற கடைநிலை ஊழியர்களிடையே அதிகம். கடைநிலையில் இருந்தோர் அந்நோயால் இறக்கும் அளவு, மேல்நிலையில் இருந்தோரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! அதுமட்டுமன்று, ஏணியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து ஒரு படி ஏறிற்று. கடைநிலையில் இருந்தோர் அதிகம் புகைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் புகை, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

அந்த மிச்சத்துக்குக் காரணம் என்ன? 1985-இல் இரண்டாவது ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். இம்முறை பெண்களையும் சேர்த்து 10,308 பேர். 1997-இல் வந்த முடிவு ஒரு முக்கியமான காரணத்தைக் காட்டியது. தம் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தமக்குச் சொல்லே இல்லாதவர்களுக்கு இருதய நோய் அதிகமாக வந்தது. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் 1979-இலேயே இதனை ஒட்டிய கருத்தைச் சொல்லியிருந்தார். வேலைப்பளு மட்டும் மனிதனை முறிப்பதில்லை. பளு மிகுதி, அதைப்பற்றிப் பேச உரிமையோ குறைவு என்ற நிலைதான் அதிகமாக முறிக்கிறது.

நம் தோட்டத்து வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொரை, கிராணி, மண்டோர், தொழிலாளி என்று அங்கும் ஓர் ஏணி இருந்தது. விடியுமுன் பெரட்டில் நிற்க வேண்டும். எந்த நிரை, எத்தனை மரம் என்பதைப் பிறர் முடிவு செய்தார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை என்ற காலம் இருந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த வேளை அரிசியை எண்ணும் நிலை அது. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் போராடினார்களே, அது வெறும் பணத்துக்கான கோரிக்கை மட்டுமன்று. நிச்சயமில்லாத வாழ்வின் பாரத்தை நெஞ்சிலிருந்து இறக்கும் கோரிக்கையும் ஆகும். தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மண்டோர் போனார், மாதத் தவணை வந்தது.

ஆகவே நேயர்களே, மன உளைச்சல் என்பது கோழைத்தனம் அன்று. போகாமல் நிற்கும் பாம்பைப் பார்த்து உடல் இடைவிடாமல் காவல் நிற்பதால் வரும் தேய்மானம் அது. இதைத் தெரிந்துகொண்டால்தான் மாற்றத்தை எங்கே தொடங்குவது என்பதும் விளங்கும்.

முதலில், பொய் மருந்துகளை அடையாளம் காண வேண்டும். ஒன்று சிகரெட். இங்கே செலியேயைப் பற்றி இன்னொரு செய்தி. அந்தப் பெரிய விஞ்ஞானி பிற்காலத்தில் புகையிலைக் கம்பெனிகளிடம் ஆராய்ச்சிக்குப் பணம் பெற்றார். புகைப்பது மன இறுக்கத்துக்கு ஆறுதல் தரும் என்ற கருத்துக்கும் துணைபோனார். அவர் 1982-இல் மறைந்தார். கம்பெனிகளின் உள்ளறைக் கடிதங்கள் 1990-களில் நீதிமன்ற வழக்குகளின் வழியாக வெளிவந்த பிறகே இந்த உறவின் முழு விவரம் உலகுக்குத் தெரிந்தது. உண்மை என்ன? சிகரெட் தரும் ஆறுதல், முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பு அடங்குவதே. புகை இருதயத் துடிப்பையும் இரத்தக் கொதிப்பையும் ஏற்றுகிறது. புகையை விட்டவர்களிடம் மனப்பதற்றம் குறைந்ததையே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

மற்றொன்று குடி. இதில் நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. அக்காலத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் இல்லாத இடத்திலும் கள்ளுக்கடை இருந்தது. பகலெல்லாம் பட்ட களைப்பை மாலையில் அங்கே கரைத்தார்கள். சம்பளமும் சேர்ந்து கரைந்தது. போர் முடிந்தபின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில், ‘தொண்டர் படை’ என்ற பெயரில் தொழிலாளர்கள் திரண்டார்கள். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947-இல் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத எளிய மக்கள் பலர், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒன்றுகூடி எடுத்த முடிவு அது. சொல்லே இல்லாத மனிதன், தனக்கும் ஒரு சொல் உண்டு என்று எழுந்து நின்றான். வைட்ஹால் ஆராய்ச்சி சொன்ன மருந்தும் ஒருவகையில் இதுதான்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. நாள்தோறும் ஒரு வேளையாவது, பாம்பு போய்விட்டது என்று உடலுக்குச் சொல்ல வேண்டும். 1970-களில் ஹார்வர்டில் ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவர் ஓர் உண்மையை அளந்து காட்டினார். அமைதியாக அமர்ந்து, மூச்சைச் சீராக விட்டு, ஒரு சொல்லையோ பிரார்த்தனையையோ திரும்பத் திரும்பச் சொன்னால் இருதயத் துடிப்பு தணிகிறது. எந்தச் சமயத்தவரும் செய்யலாம். செலவில்லை. மாலையில் சற்று நடப்பதும், கைப்பேசியை ஒதுக்கிவிட்டு நேரத்தோடு உறங்குவதும் அதே வேலையைச் செய்யும்.

அடுத்து, சிறியதாக ஒன்றையாவது உங்கள் கைக்குள் கொண்டுவாருங்கள். கடன் இருக்கிறதா? கணவனும் மனைவியும் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தலைக்குள் இருக்கும் கடனுக்கு எல்லையில்லை. தாளில் எழுதிய கடனுக்கு எல்லை உண்டு. இந்த மாதம் எதை முதலில் அடைப்பது என்று ஒரு முடிவெடுங்கள். வட்டி முதலையிடம் புதுக்கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்காதீர்கள்.

மூன்றாவது, பாரத்தைப் பங்கிடுங்கள். நோயாளியைப் பராமரிப்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது மாற்று ஆள் வேண்டும். அண்ணன் தம்பிமார் முறைபோட்டுக்கொள்ளலாம். வேலையிடத்துக் குறையைத் தனியாக முணுமுணுக்காமல் சங்கத்தின் வழியாகச் சொல்லுங்கள். தனி ஒருவரால் மாற்ற முடியாததைப் பலர் சேர்ந்து மாற்றியிருக்கிறார்கள்.

கடைசியாக, இரத்தக் கொதிப்பையும் இனிப்பு நீரையும் அரசாங்க கிளினிக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்திருந்தால், மனம் தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தோன்றினால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். அப்படி ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால், “தைரியமாக இரு” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்து, ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, முழுவதையும் கேளுங்கள்.

நூறாண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு மருத்துவ உலகம் நம் பாட்டியின் வாக்குக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டி சொன்னதில் பாதிதான் நமக்குப் பழக்கம். கவலை பலத்தைக் குறைக்கும் என்பது உண்மை. கவலையைக் குறைத்தால் பலம் திரும்பும் என்பதும் உண்மை. இன்றிரவு உங்கள் வீட்டில் யார் உறங்காமல் புரள்கிறார் என்று பாருங்கள். அவரிடமிருந்து தொடங்குங்கள்.